பன்னிரண்டு நாவல்களில் ஒரு சொட்டு மழை இல்லை

ஐப்பசியில் ஒரு காலை. குன்னூரில் மூன்று நாளாக மழை விடவில்லை. என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். தலையிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருந்தாள். கக்கத்தில் ஓர் உரப்பை.

உரப்பைக்குள் இன்னொரு பை. அதற்குள் செய்தித்தாள். அதற்குள் புத்தகங்கள். ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜைமேல் அடுக்கினாள். பன்னிரண்டு. பன்னிரண்டும் நான் எழுதிய துப்பறியும் நாவல்கள். அவளிடமிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புத்தகங்களில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. என் மனைவிகூட அவற்றை இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

"நீங்கதானே சார் பனிமலைப் பரதன்?"

"ஆமாங்க அம்மிணி. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

"அது என்னா சார்?"

"மழைங்க."

"ஒங்க கதையில அது ஏன் சார் ஒரு நாளும் பெய்ய மாட்டேங்குது?"

எழுத்தாளனாகி இரண்டு வருஷம் ஆகியிருந்ததால் பொய் உடனே வந்தது. "அது ஒரு உத்திங்க" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உத்தி என்றால் நம் ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

ஆனால் அவளிடம் இன்னொரு கேள்வி இருந்தது. எட்டாவது நாவலின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். 'வாசகர் கருத்து' என்ற பகுதி. அதில் ஒரு கடிதத்தை விரலால் தொட்டாள். "ஐயா, உங்கள் ஊரைப் பற்றி மேலும் அறிய ஆவல். - மு. செல்வி."

"இது நான் போட்ட கார்டு சார். நான் ஆவல்னு எழுதல. கேள்வி கேட்டு எழுதுனேன். எம் பேரும் செல்வி இல்ல. தமிழ்ச்செல்வி. எங்க லயத்துல நாலு செல்வி இருக்கு. தண்ணித்தொட்டி வீட்டுச் செல்வி அது தான் எழுதுனதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா. எல்லாரும் நம்பிட்டாங்க."

"அச்சுப் பிழைங்க" என்றேன். இரண்டாவது பொய்.

அவள் புத்தகத்தை மூடினாள். பிறகு சொன்னதைத்தான் நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.

"பெரட்டுல எம் பேரை வெட்டி ரெண்டு மாசம் ஆச்சு சார். பொஸ்தகத்துலயாவது முழுசா இருக்கட்டும்னு பாத்தேன்."

லயம் என்பது எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகள்; பெரட்டு என்பது காலையில் அங்கே ஆளெடுக்கும் இடம். அங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. வேலை பதிவானால் 'பேர் விழுந்தது' என்பார்கள். பாதி நாள் என்றால் 'அரைப் பேர்'. பேரை வெட்டிவிட்டார்கள் என்றால் வேலை போய்விட்டது என்று பொருள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் அந்தப் பேச்சைக் கப்பலிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். தமிழ்ச்செல்வி நாலு வயதில் கப்பல் ஏறியவள்.

"டைப் படிக்கணும் சார். எப்ப வரட்டும்?"

மாணவர் முகம் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்த நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ மெஷினை உறையால் மூடினேன். "மெஷின சர்வீஸ் பண்ணோணும். பத்து நாள் களிச்சு வாங்க" என்றேன்.

கழித்து என்பதைக் களித்து என்றுதான் சொன்னேன். பழக்கதோஷம். அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

போன பல்

இந்தத் தொடரில் நான் என் பெருமைகளையே அளந்துகொண்டிருப்பதாகச் சென்ற வாரம் ஒரு வாசகர் குத்திக்காட்டியிருந்தார். இந்த வாரம் அவர் நிம்மதியாகப் படிக்கலாம்.

தேயிலை விலை படுத்த வருஷங்கள் அவை. பச்சைத் தேயிலையைப் பறித்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோனால் வாங்க ஆளில்லை. சில இடங்களில் சாலையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். குன்னூரில் யாரைப் பார்த்தாலும் திருப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். என் மாணவர்களும் அந்த பஸ்ஸில் போனவர்கள்தான். எட்டு மெஷின்களில் ஏழு, உறைக்குள்ளேயே பனியில் துருப்பிடித்தன. மிச்சம் ஒரே ஒரு தமிழ் மெஷின்.

சும்மா இருக்கும் மெஷினையும் சும்மா இருக்கும் என்னையும் பார்த்த என் மனைவி, "ரெண்டு பேருமா சேந்து எதையாச்சும் பண்ணுங்களே" என்றாள். அப்படித்தான் நாவலாசிரியன் ஆனேன். கோவையில் மாத நாவல் போடும் ஒரு பதிப்பாளர் கிடைத்தார். என் துப்பறிவாளர் டேஸ்டர் தர்மலிங்கம். ஓய்வுபெற்ற தேயிலைச் சுவை நிபுணர். பிணத்தின் அருகில் இருக்கும் கோப்பையை எடுத்து ஒரு 'உர்ர்ர்' உறிஞ்சுவார், கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவார். விஷம் கலந்த கோப்பையையும் உறிஞ்சுவார். துப்பிவிடுவதால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

முதல் நாவலின் முதல் பக்கம். "அன்று மலையில் நல்ல" வரை அடித்தேன். அடுத்து 'மழை'. ம விழுந்தது. அடுத்த விசையைத் தட்டியதும் டக் என்று ஒரு சத்தம். ழ இருந்த இரும்புத் தண்டு கழுத்தோடு முறிந்தது. போகிற போக்கில் பக்கத்துத் தண்டையும் சிக்கவைத்து முறித்துவிட்டது. அதில் இருந்தது ழு.

மாதம் ஒருமுறை கோவையிலிருந்து மலையேறி வரும் மெக்கானிக், இன்ஸ்டிடியூட்டுகள் மூடியதும் வருவதை நிறுத்திவிட்டார். நான் கீழே போயிருக்கலாம். இரண்டரை மணி நேரப் பயணம். போகவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

கையால் எழுதிக் கொடுக்கலாமே என்பீர்கள். என் கையெழுத்தை ஒருமுறை பார்த்த பதிப்பாளர், "இதை மருந்துக் கடையில குடுங்க" என்று திருப்பி அனுப்பியிருந்தார். ஆகவே இடம் விட்டு அடித்து, இடைவெளியில் மட்டும் பேனாவால் ழ போட்டேன். அச்சகத்தில் கம்ப்யூட்டரில் அடிப்பவர் என் ழு-வையெல்லாம் மு என்று படித்துக்கொண்டார்.

"கணவனின் உடலைப் பார்த்ததும் வேதவல்லி அழுதாள்" என்று நான் எழுதியது, "கணவனின் உடலைப் பார்த்ததும் வேதவல்லி அமுதாள்" என்று வந்தது. அந்த நாவலில் பதினோரு பேர் அழுகிறார்கள். பதினோரு இடத்திலும் அமுதாள்.

முதல் வாசகர் கடிதங்கள் என்னைத் தேடி வந்தபோது அத்தனையிலும் ஒரே கருத்து. கொலை நடந்த எல்லா இடத்திலும் அமுதாள் என்ற பெண் இருக்கிறாள். அவளை தர்மலிங்கம் ஏன் விசாரிக்கவில்லை? காந்தலில் இருந்து ஒரு டெய்லர், அமுதாள்தான் கொலைகாரி என்பதற்கு ஒன்பது ஆதாரங்களை வரிசைப்படுத்தி எழுதியிருந்தார். என் முடிவைவிட அது நன்றாக இருந்தது.

அன்று சபதம் எடுத்தேன். இனி அந்த எழுத்தே வேண்டாம். அந்த முதல் நாவலைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்ததிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.

விழ முடியாத பிணங்கள்

ழ இல்லாமல் தமிழில் ஒரு மாதிரியாக வாழ்ந்துவிடலாம். கொலை செய்வதுதான் கஷ்டம்.

மலையில் கொலை என்றால் பாறையிலிருந்து தள்ளிவிட வேண்டும். தள்ளலாம்; ஆனால் யாரும் விழ முடியாது. 'கீழே' என்ற இடமே கிடையாது. "அவன் பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தான்" என்று எழுதினேன். ஏதோ பஸ் பிடித்துப் போனது போல. கழுத்தை நெரிக்க முடியாது, எல்லாரும் குரல்வளை. வழக்கு கிடையாது, கேஸ் மட்டும். சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர் அல்லது எட்டுப் பேர். ஒருபோதும் ஏழு இல்லை. பர்லியார் பழப்பண்ணையில் ஒரு துரத்தல் காட்சி வைத்தேன். அதைக் 'கனிப் பண்ணை' ஆக்கியதும் துரத்தல், பக்திக் கதை போல் ஆகிவிட்டது.

மழைக்குப் பதில் தூறல் என்று ஒருமுறை முயன்றேன். தூறலில் மண் சரிந்து ஒரு பங்களா புதைவதாக எழுதியதற்கு, கோத்தகிரியிலிருந்து ஒருவர் "தூறலுக்கே பங்களா புதையுமானால் எங்கள் கூரைக்கு நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டார். பிறகு எல்லாக் கொலையும் மூடுபனியில் நடந்தது.

யாரும் அழவில்லை. பன்னிரண்டு கொலை, பன்னிரண்டு குடும்பம், ஒரு கண்ணில் நீர் இல்லை. 'வருந்தினர்' என்று முடித்தேன். யாரும் மகிழவும் இல்லை. குழந்தைகள் பிறக்கவே இல்லை.

என் சொந்தப் பெயர் பழனியப்பன். அதையும் அடிக்க முடியவில்லை. அதனால்தான் பனிமலைப் பரதன் ஆனேன். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. இன்னும் எடுப்பான பெயர் கிடைத்ததே என்று சந்தோஷம்தான்.

இன்னொரு சொல்லும் போனது. தேயிலை ஊரைப் பற்றிய நாவல்களில் கொழுந்து இல்லை; அதை 'இலை' ஆக்கினேன். அதைப் பறிக்கும் தொழிலாளி இல்லை. அந்த இடத்தில் கைக்கு வந்த சொல்லைப் போட்டேன். 'கூலி'. இரண்டே எழுத்து, எளிதில் அடிக்கலாம். பன்னிரண்டு நாவல்களிலும் போட்டேன். போடும்போது கை கூசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாசகர் கருத்து என்னும் பகுதி

கடிதங்கள் நிறையவே வந்தன. தேயிலை விலை விழுந்ததால் எல்லாருக்கும் நேரம் இருந்தது.

துப்பறியும் நாவலின் வாசகருக்கு யார் கொன்றார்கள் என்பதைப் பற்றி அக்கறை இல்லை என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். நாலரை மணிக்குக் கோத்தகிரி பஸ் கிடையாது, நாலு ஐம்பதுக்குத்தான் என்று இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். தர்மலிங்கம் ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டு ஒரு தாயார், மகளின் ஜாதகத்தை இணைத்திருந்தார். மூன்றாம் நாவலில் வரும் கஞ்ச மளிகைக் கடைக்காரர் தான்தான் என்று நான்கு மளிகைக் கடைக்காரர்கள் தனித்தனியாகச் சண்டைக்கு வந்தார்கள். ஐந்தாமவர் தன்னை ஏன் எழுதவில்லை என்று வருத்தப்பட்டார்.

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவர் மாதம் தவறாமல் ஒரே வரி எழுதுவார். "டேஸ்டர் தர்மலிங்கம் அவர்களுக்கு, எங்கள் தேயிலை விலையைக் கொன்றது யார்?" எனக்கு அல்ல, தர்மலிங்கத்துக்கு. நான் வெறும் தபால்காரன் என்பது அவர் எண்ணம்.

இந்தக் கடிதங்களில் சிலவற்றைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட வேண்டும் என்பது பதிப்பாளர் கட்டளை. அவற்றையும் நான்தான் அடித்தேன். அதே மெஷினில்.

குறை சொன்ன கடிதம் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு ழ இருந்தது. மழை இல்லை, அழுகை இல்லை, பிழை, வழவழா, கொழகொழா. பாராட்டில் அந்த எழுத்துக்கு வேலையே இல்லை. 'அருமை', 'பிரமாதம்', 'தொடருங்கள்'. ஆகவே குறைகளை அந்தப் பக்கம் ஒதுக்கிவைத்து, பாராட்டை மட்டும் அச்சுக்கு அனுப்பினேன். சில குறைகளைக் கொஞ்சம் மாற்றிப் பாராட்டாக்கினேன். என் நாவல்களைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்பது அச்சில் ஆதாரத்தோடு நிரூபணம் ஆயிற்று.

தமிழ்ச்செல்வியின் அட்டையும் அப்படித்தான் வந்தது. அதில் இருந்தது இது: "ஐயா, உங்கள் ஊரில் மழை பெய்யாதா? கொழுந்து கிடையாதா? எங்களைப் போன்ற தொழிலாளிகள் யாரும் இல்லையா? - மு. தமிழ்ச்செல்வி." அதிலிருந்து அடிக்க முடிந்தது 'ஐயா, உங்கள் ஊர்' மட்டும்தான். மிச்சத்தை நானே இட்டு நிரப்பினேன். பேரில் பாதியை வெட்டினேன்.

வர்க்கியும் குறியீடும்

அவள் என் மேஜைக்கு வந்துபோன வாரத்திலேயே, பதிப்பாளர் குன்னூரில் ஒரு வாசகர் சந்திப்பு வைத்தார். பதின்மூன்றாவது நாவல் வேண்டுமா, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதை வாசகர்கள் சொல்லட்டும் என்றார். அதாவது என் பிழைப்பு தொடருமா என்பதை.

ஞாயிறு பிற்பகல், ஒரு துணிக்கடை மாடி. நாற்பது பேர் வந்தார்கள். டீயும் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்ததற்கு இன்னும் வந்திருக்க வேண்டும். தேயிலை சீப்பட்டுக் கிடந்த அந்தக் காலத்திலும் டீயில் தேயிலை இருந்ததற்கான தடயம் எதுவும் இல்லை. தர்மலிங்கமே உறிஞ்சியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

கடைசி வரிசையில், உரப்பையை மடியில் வைத்துக்கொண்டு தமிழ்ச்செல்வி உட்கார்ந்திருந்தாள்.

தலைமை, பெர்ன்ஹில்லில் குடியிருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். அவர் பேசியதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்; பல நாள் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"பரதனின் உலகத்தில் மழை பெய்வதில்லை. ஏன்? வீழ்ச்சியடைந்த ஒரு சமூகத்தில் வானமும் மௌனம் சாதிக்கிறது. அவருடைய மனிதர்கள் அழுவதில்லை. ஏன்? அழுகை வற்றிவிட்டது. பிணங்கள் விழுவதில்லை, போய்ச் சேர்கின்றன. இது துப்பறியும் நாவல் அல்ல, நண்பர்களே. இது இன்மையின் இலக்கணம்."

கைதட்டினார்கள். நான் லேசாகத் தலை குனிந்தேன். பெரிய எழுத்தாளர்கள் அப்படித்தான் குனிவார்கள் என்று எங்கோ பார்த்திருந்தேன்.

கேள்வி நேரம். பஸ் நேரம் பற்றி ஒருவர் கேட்டார். கோத்தகிரி விவசாயி எழுந்து, "விலையக் கொன்னது யாருன்னு தர்மலிங்கம் கண்டுபிடிச்சாரா?" என்றார். விசாரணை நடப்பதாகப் பதிப்பாளர் பதில் சொன்னார். பிறகு தமிழ்ச்செல்வி எழுந்தாள்.

"சார், மழைய விடுங்க. தொழிலாளின்னு ஒரு எடத்துலயும் இல்ல. எல்லா எடத்துலயும் கூலி, கூலின்னு இருக்கு. எங்கப்பாவ அங்க தொரைமாரு அப்பிடித்தான் கூப்புட்டாங்க. இங்க வந்தும் கூப்புடுறாங்க. கதையிலயும் ஏன் சார்?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. நான் வாயைத் திறந்திருக்கலாம். 'என் மெஷினில் ஓர் எழுத்து உடைந்துவிட்டது தாயே' என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம் சிரித்திருப்பார்கள், இன்மையின் இலக்கணம் போயிருக்கும், பதின்மூன்றாவது நாவலும் போயிருக்கும். அவ்வளவுதான்.

பேராசிரியர் எனக்காகப் பதில் சொன்னார். "அது இழிவு அல்லம்மா. அந்த இழிவுக்கு முன்னால் ஆசிரியர் பிடித்திருக்கும் கண்ணாடி. அப்படித்தானே, பரதன்?"

தலையாட்டினேன்.

"சரிங்க சார்" என்றாள் தமிழ்ச்செல்வி. "எனக்குத்தான் விளங்கல போலருக்கு."

அவள் உட்கார்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. தான் கேட்டது மடத்தனம் என்று நம்பிவிட்ட முகம். அதைப் பார்த்த பிறகு என் பங்கு வர்க்கியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பதின்மூன்றாவது நாவலுக்கு அங்கேயே அனுமதி கிடைத்தது.

யளனக

மறுநாள் காலை தபால் பெட்டி வரை போயிருந்தேன். திரும்பி வந்தால் அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நாள் ஆகவில்லை. அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மன்னிக்கோணும் சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். சொவத்துல படம் இருந்துச்சு, அதைப் பாத்து அடிச்சேன்."

சுவரில் விசைகளின் படம் மாட்டியிருக்கும். புதியவர்கள் யளனக, யளனக என்று ஒரு வாரம் அடிப்பார்கள். அவளும் இரண்டு வரி யளனக அடித்திருந்தாள். அதற்குக் கீழே தன் பெயரைத் தேடித் தேடி அடித்திருந்தாள்.

தமி. பிறகு வெற்றிடம். பிறகு ச்செல்வி. தமிழ் மெஷினில் புள்ளிக்குத் தனி விசை. அதனால் வெற்றிடத்தின் தலைக்கு மேல் புள்ளி மட்டும் பளிச்சென்று நின்றது. தன் தவறு என்று நினைத்து மறுபடி மறுபடி அடித்திருக்கிறாள். தாள் முழுக்க முப்பது வரிக்குமேல் அந்தப் பெயர். எல்லாவற்றிலும் அதே ஓட்டை, அதே புள்ளி.

"இந்த எழுத்து மட்டும் விழ மாட்டேங்குது சார். நான் அடிக்கிறது சரியில்லையா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெஷினின் மூடியைத் தூக்கி உள்ளே குனிந்தாள். வரிசையாக நின்ற தண்டுகளில் ஒரு விரலை ஓட்டினாள்.

"ரெண்டு பல்லு போயிருக்கு."

நிமிர்ந்தாள். உதடு மெல்ல அசைந்தது. விரல் மடக்க ஆரம்பித்தாள்.

"மழை. கொழுந்து. அழுகுறது. விழுகுறது." ஒரு கை முடிய ஒரு விரல் பாக்கி. "தொழிலாளி." அடுத்த கையில் முதல் விரலை மடக்கினாள். "தமிழ்ச்செல்வி."

டேஸ்டர் தர்மலிங்கத்துக்கு நூறு பக்கமும் ஆறு கோப்பையும் வேண்டும். அவளுக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

"அப்ப நேத்து அந்தப் பெரியவர் கதைச்சது?"

"அவருக்குத் தெரியாதுங்க."

"ஒங்களுக்குத் தெரியும்ல."

"தெரியுங்க."

அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தாளை மெஷினிலிருந்து உருவி என் மேஜைமேல் வைத்தாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"எஸ்டேட்டுல பேரை வெட்டுனப்ப தொரைகிட்டப் போயிக் கேட்டேன் சார். தேயிலைக்கு வெலை இல்லைன்னாரு. பொய்யோ நெசமோ, ஒரு காரணம் சொன்னாரு. நீங்க இத்துனூண்டு இரும்புக்காகவா சார் வெட்டுனீங்க?"

தாளை என் பக்கமாக நகர்த்தினாள்.

"பேர் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பேனாவை எடுத்து அத்தனை ஓட்டையிலும் ழ போட்டேன். முடிக்க வெகுநேரம் ஆயிற்று. என் கையெழுத்து மருந்துச் சீட்டு போல இருக்கும் என்றேன் அல்லவா; அன்று ஒவ்வொன்றையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல எழுதினேன். எழுத எழுத அழுகை வந்தது. வருந்தினேன் என்று இனி எழுதுவதாக இல்லை. அழுதேன்.

பழம்

அடுத்த நாள் உடைந்த தண்டுகளை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறினேன். பர்லியாரில் வண்டி நின்றபோது ஒரு கூறு பழம் வாங்கினேன். கனி அல்ல, பழம். கோவை சந்து ஒன்றில் பழைய மெக்கானிக்கைக் கண்டுபிடித்தேன். மூடிப்போன ஏதோ இன்ஸ்டிடியூட்டின் மெஷினிலிருந்து ழ-வையும் ழு-வையும் கழற்றிக் கொடுத்தார். "ஏனுங்க, இதுக்கா இத்தன நாள் உக்காந்திருந்தீங்க?" என்றார். இருபது நிமிட வேலை.

பதின்மூன்றாவது நாவலை ஒரே மாதத்தில் அடித்தேன். முதல் சொல்லே மழை. கடைசிவரை விட்டபாடில்லை. பிணம் விழுந்தது; விழுந்து உருண்டது; ஏழு பேர் சந்தேகத்துக்கு ஆளானார்கள்; குடும்பமே விழுந்து புரண்டு அழுதது. கொழுந்து பறிக்கும் ஒரு தொழிலாளி, தர்மலிங்கத்துக்கு முன்பே கொலைகாரனைக் கண்டுபிடித்தாள். முன்னுரையில் உடைந்த விசையின் கதையை ஒளிக்காமல் எழுதி, பன்னிரண்டு நாவல்களிலும் 'கூலி' என்று போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பழனியப்பன் என்று கையெழுத்திட்டேன். கடைசிப் பக்கத்தில் முதல் கடிதமாக அவளுடைய பழைய அட்டை, கேள்வி மாறாமல், பேர் குறையாமல்.

அவள் லயத்துக்கு ஒரு பிரதியை எடுத்துப் போனேன். பூட்டியிருந்தது. திருப்பூருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போகிறவர் யாரிடமோ கொடுத்தனுப்பினேன்.

வாசகர் கருத்துகள் வந்தன. ஈரம் அதிகம் என்றார்கள். எல்லாரும் எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள் என்றார்கள். அமுதாளைத் திரும்பக் கொண்டுவரும்படி காந்தல் டெய்லர் கேட்டிருந்தார். பெர்ன்ஹில் பேராசிரியர் எட்டுப் பக்கம் எழுதினார். முன்னுரையில் வரும் உடைந்த தட்டச்சு இயந்திரம் ஓர் அபாரமான கற்பனை என்றும், 'பழனியப்பன்' என்ற பாத்திரம் அவ்வளவு நம்பும்படியாக இல்லை என்றும் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அந்த நாவலோடு பதிப்பாளர் தொடரை நிறுத்திவிட்டார். தேயிலை விலையைக் கொன்றது யார் என்று கேட்ட விவசாயிக்கு இன்றுவரை பதில் போகவில்லை.

தை மாதம் ஓர் அட்டை வந்தது. திருப்பூர் முத்திரை.

"சார், பொஸ்தகம் கெடைச்சது. மழை கொஞ்சம் அதிகம். கொலைகாரன் யாருன்னு நாலாம் பக்கத்துலயே விளங்கிருச்சு, அடுத்ததுல கவனமா எழுதுங்க. எங்க லயத்து ஆளுங்க ஆறு பேர் இங்க ஒரே கம்பெனியில இருக்கோம். சாப்பாட்டு நேரத்துல கடைசிப் பக்கத்தைச் சத்தமா வாசிச்சேன். தண்ணித்தொட்டிச் செல்வியும் இருந்தா. பேர் விழுந்திருச்சு சார். - மு. தமிழ்ச்செல்வி."